பன்னிரண்டாம் தேதி, காலை எட்டு மணி

1

இதைக் கதையாக எழுத வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. ஒரு பொய் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அதில் சேர்க்க முடியாமல் மிஞ்சிய தாள்களைத்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள்.

கேட்டவர் ஜுல்மிரா அக்கா. டிலி நகரத்துப் பெக்கோராவில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறார். அவருடைய அண்ணன் ஜனுவாரியோ, 1991 நவம்பரில் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஊர்வலத்தில் போனவன். எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அந்நிய ராணுவம் சுட்டது. அவன் வீட்டுக்கு வரவில்லை. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, அக்காவுக்கு ஒன்பது. நான் பிறக்கவே இல்லை. உடல் கிடைக்கவில்லை. பிற்பாடு அங்கங்கே தோண்டிப் பார்த்தபோது கிடைத்த எலும்புகளிலும் அவன் இல்லை.

"நீ எழுதுறவன்தானே தம்பி? அந்த மீன் கிடங்கு வாசல்ல காவலுக்கு உக்காந்துக்கிட்டு என்னமோ கிறுக்கிட்டே இருக்கியாமே."

"சும்மாதான்க்கா."

"சும்மா எழுதுறத எனக்கு எழுது. எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு வேணும். பக்கத்துல நின்னு பாத்தவன் சொன்ன மாதிரி இருக்கணும். நவம்பர் பன்னெண்டு, காலைல எட்டு மணி. அதோட முடிச்சிரு. மத்தியானம், சாயங்காலம்னு இழுக்காதே."

"யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு. நான் படிச்சா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிரும். நீயே வந்து படி."

"பொய்யாச்சேக்கா."

"நீ எழுதுறதுல மத்ததெல்லாம் என்னவாம்?"

கிளம்பும்போது இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று: "யாரையும் போய் விசாரிக்காதே. நீயா எழுது." இரண்டாவது: "சரித்திரப் படிப்பத்தான் பாதில விட்டுட்டு வந்துட்டே. இதையாவது முழுசா முடி."

2

பொய்யின் தொடக்கங்கள். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட அடுப்படியில் வைத்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

தொடக்கம் ஒன்று: வெடிச்சத்தம் கேட்டதும் ஜனுவாரியோ வானத்தைப் பார்த்தான்.

"வானத்த ஏன் பாக்குறான்? மழையா வருது? அவன் சுவரேறுறதுல கில்லாடி. சுவரத்தான் பாத்திருப்பான்."

தொடக்கம் இரண்டு: தாய்நாட்டின் பெயரை உச்சரித்தபடியே அவன்

"நிறுத்து. எங்கண்ணன் உச்சரிக்கிற ஆளா? வீட்டுக்குள்ள வந்தா 'பசிக்குது பசிக்குது'ன்னு தெருவே கேக்கக் கத்துவான். எங்கம்மா சிரிச்சிரும்."

தொடக்கம் மூன்று: கல்லறைத் தோட்டத்தின் வாசல் குறுகலானது. உள்ளே நுழைந்த கூட்டம் வெளியே வர

(இந்த வாக்கியத்தை நான்தான் பாதியில் விட்டேன். அது உண்மை. வாசலைப் போய்ப் பார்த்து வந்திருந்தேன். உண்மையில் தொடங்கினால் பொய்க்கு வந்து சேர வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது.)

தொடக்கம் நான்கு: அவனுக்கு வலிக்கவில்லை.

அக்காவின் கத்தி நின்றது. "இத வச்சுக்க," என்றார்.

3

கறுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தப் பொய்க்கு வேலையே இல்லை.

வீட்டில் ஒருவர் இறந்தால் ஓராண்டு கறுப்பு உடுத்துகிறோம். ஆண்டு முடிகிற நாளில் உறவுகள் கூடிக் கறுப்பைக் கழற்றுவார்கள். ஜெபம், அப்புறம் பன்றிக்கறி, விடியும்வரை ஆட்டம். மறுநாளிலிருந்து செத்தவர் செத்தவர், இருக்கிறவர் இருக்கிறவர். கணக்குத் தொடங்குவது இறந்த தேதியிலிருந்து.

அக்காவின் அம்மா லியோபோல்தினா அத்தை 1991இல் கறுப்பு உடுத்தவில்லை. ஜாவாவில் ஒரு சிறையில் ஜனுவாரியோவைப் பார்த்ததாக யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கறுப்பு உடுத்தினால் அவனைத் தன் கையாலேயே புதைத்ததாகிவிடும் என்று எட்டு ஆண்டுகள் பூப்போட்ட சட்டைகளையே போட்டுக்கொண்டிருந்தார். 1999இல் வாக்கெடுப்பு நடந்தது. நாடு தனியாகப் போக ஓட்டுப் போட்டோம், பதிலுக்கு ஊரை எரித்தார்கள். பிறகு சிறையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசி ஆளும் வந்து சேர்ந்த வாரம், அத்தை தன் சட்டைகள் அத்தனையையும் ஒரே பானையில் போட்டுக் கறுப்புச் சாயத்தில் வேகவைத்தார். அந்தப் பானையில் பிறகு யாரும் சமைக்கவில்லை.

அடுத்த ஆண்டு கழற்றுவதற்காக உறவுகள் கூடின. பெரியப்பா ஒருவர் பன்றியோடு வந்தார்.

"பன்னெண்டாம் தேதின்னு வச்சுக்குவோம்," என்றார் அவர். "ஊரே அப்படித்தானே வச்சிருக்கு."

"யாரு பாத்தா?" என்று அத்தை கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. பெரியப்பா பன்றியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். தேதி இல்லாததால் ஆண்டு தொடங்கவில்லை. தொடங்காத ஆண்டு பத்தொன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அத்தைக்கு இதயம் வீங்கியிருக்கிறது. மருத்துவர் எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னார். அத்தை மகளிடம், "நான் செத்தா இந்தக் கறுப்போட என்னப் பொதைக்காதீங்க. நான் சாகுறதுக்கு முன்னாடி கழட்டவும் வராதீங்க," என்றிருக்கிறார். இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால்தான் அக்கா என்னிடம் வந்தார்.

(ஒரு குறிப்பு: இந்த நாட்டுக்குத் தேதிப் பஞ்சம் கிடையாது. 1975 நவம்பர் 28 சுதந்திரம் என்று அறிவித்தோம். ஒன்பதே நாளில், டிசம்பர் 7, படையெடுத்து வந்தார்கள். ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பு. மே 20 மறுபடி சுதந்திரம். எல்லாவற்றுக்கும் விடுமுறை, எல்லாவற்றுக்கும் கொடியேற்றம். நவம்பர் 12க்கும் விடுமுறை. டிலி நகரமே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றும். கிடங்குக் காவலாளிக்கு மட்டும் எந்தத் தேதியிலும் விடுமுறை இல்லை.)

4

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகள், உடல் கிடைக்காத வீடுகள், பன்னிரண்டாம் தேதியை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. யாரும் சாட்சி கேட்கவில்லை. கல்லையோ சட்டையையோ புதைத்தார்கள், சிலுவையில் தேதி எழுதினார்கள், ஓராண்டில் கறுப்பைக் கழற்றினார்கள். லியோபோல்தினா அத்தை மட்டும் ஏன் "யாரு பாத்தா?" என்று கேட்க வேண்டும்? பிடிவாதக்காரியும் இல்லை. கோழி விலையில்கூடப் பேரம் பேச மாட்டார். கதையில் இப்படி ஒருவர் நடந்துகொண்டால் எழுதியவன் ஏதோ காரணத்தை மறைக்கிறான் என்று அர்த்தம். இங்கே எழுதுகிறவன் நான். எனக்கே காரணம் தெரியவில்லை.

அந்த வீட்டைப் பற்றி இன்னொரு விஷயம். வாசலில் கதவு கிடையாது. திரைச்சீலை மட்டும் தொங்கும். 1999இல் கதவு எரிந்துபோனது என்று சொல்வார்கள். எல்லோர் வீட்டுக் கதவும்தான் எரிந்தது. மற்றவர்கள் மறுபடி போட்டுக்கொண்டார்கள். சின்ன வயதில் நாங்கள் ஒளிந்து விளையாட அந்த வீடுதான் வசதி, யாரும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

(இதை நான் முதலில் எழுதவில்லை. பிறகு திரும்பி வந்து சேர்த்தேன். ஏனென்று ஆறாவது பகுதியில் தெரியும்.)

5

அக்கா சொன்னதை மீறி விசாரிக்கப் போனேன். பொய்க்குக் கொஞ்சம் மண் வேண்டியிருந்தது. அன்று காலை வெயிலா மேகமா, ஜனுவாரியோவின் காலில் என்ன செருப்பு, இப்படி. அவனோடு ஒரே வகுப்பில் படித்தவர் அபிலியோ என்று தெரிந்தது. பத்தாம் நம்பர் வேன் ஓட்டுகிறார். வண்டி நிறுத்தத்தில், சண்டைச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். பேசி முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றே?"

"ஆபீஸ் இல்லண்ணே. நான் மீன் கிடங்கு வாட்ச்மேன்."

"வாட்ச்மேனுக்கு எதுக்குடா ஜனுவாரியோ?"

சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை.

"பன்னெண்டா? எட்டு மணிக்கா?"

"ஆமாண்ணே. செருப்பு மட்டும் தெரிஞ்சா போதும்."

"கேன்வாஸ் ஷூ. ஒரு கால்ல. இன்னொண்ணு சுவர்லயே மாட்டிக்கிச்சு." சேவலை மறு கக்கத்துக்கு மாற்றினார். "அவன் பன்னெண்டாம் தேதி சாகல தம்பி."

நான் நோட்டை மூடினேன். அவர் நிறுத்தவில்லை.

"ரெண்டு பேரும் சுவரேறிக் குதிச்சோம். அவனுக்கு இங்க, முழங்கைக்குக் கீழ, குண்டு உரசிட்டுப் போயிருந்துச்சு. பேனர் துணியக் கிழிச்சுக் கட்டினேன். ஒரு வீட்டுப் பன்னிக் கொட்டில்ல படுத்துக் கெடந்தோம். மறுநாள் மத்தியானம் அவன் கெளம்பிட்டான். 'போகாதடா'ன்னேன். 'அம்மா வீட்லதான் இருக்கும், சோறு வடிக்கிற நேரம்'ன்னான். எப்பவும் சோத்து நெனப்புத்தான் அவனுக்கு. அவங்க தெருமுனை வரைக்கும் நானும் போனேன்."

"அப்புறம்?"

"கதவத் தட்டினான். உள்ளங்கையால. கூப்பிடல, கூப்பிட்டா தெருவே கேக்குமே. தட்டினான். மறுபடி தட்டினான். தெறக்கல. லாரிச் சத்தம் கேட்டுச்சு. நான் ஓடிட்டேன்." சேவல் சிறகடித்தது. அதை அடக்கினார். "கேட்டுட்டேல்ல? இத எழுதுவியா?"

"இத்தனை வருஷமா ஏண்ணே சொல்லல?"

"யார்கிட்ட சொல்லச் சொல்றே? அந்தம்மாகிட்டயா? தெனமும் என் வண்டிலதான் சந்தைக்குப் போவுது. நான் கண்ணாடியத் திருப்பி வச்சுக்குவேன்."

பயணிகள் ஏறிவிட்டார்கள். சேவலை இருக்கைக்கு அடியில் கட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

6

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு தாளில் பதின்மூன்று, இன்னொரு தாளில் பன்னிரண்டு. இரண்டையும் முழுதாக எழுதினேன். பதின்மூன்று நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. பன்றிக் கொட்டில், ஒற்றை ஷூ, உள்ளங்கை, எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு தட்டையாக இருந்தது. கூட்டம், சத்தம், கல்லறைச் சுவர், நெஞ்சில் ஒரு குண்டு, அவனுக்கு வலிக்கவில்லை. ஷூவை மட்டும் எடுத்து இதில் வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து தட்டையான தாளை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. கறுப்புச் சட்டை வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. அக்கா பின்பக்கம் பாத்திரம் கழுவுவதாகப் பேர், சத்தமே இல்லை.

"பாத்தவரு பேரச் சொல்ல வேணாம்னுட்டாரு அத்தை. அவரு சொன்னத அப்படியே எழுதிட்டு வந்திருக்கேன்."

"படி."

படித்தேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"எந்தக் கால் ஷூ?"

அபிலியோவிடம் அதைக் கேட்க மறந்திருந்தேன். "இடது," என்றேன்.

தலையாட்டினார். சரியென்றா, தப்பென்றா, தெரியவில்லை. படித்து முடித்தேன். திரைச்சீலை காற்றில் உள்ளே வந்து போனது.

"மணிய மட்டும் இன்னொரு தடவ படி."

"காலை எட்டு மணி."

"பன்னெண்டாம் தேதி."

"ஆமா அத்தை."

"அதுக்கப்புறம் அவன யாரும் பாக்கல?"

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பாத்திரம் கேள்வி கேட்டால் பத்தியை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"யாரும் பாக்கல அத்தை."

"அப்போ அது வேற யாரோ."

அவராகவே சொன்னார், அரிசியில் கல் பொறுக்குகிறவர் மாதிரி குனிந்துகொண்டு.

"மறுநாள் மத்தியானம் யாரோ கதவத் தட்டினாங்க. பட்டாளத்தான் துப்பாக்கிக் கட்டையால இடிப்பான். இது கையி. ஆனா காட்டிக்கொடுக்குறவனும் கையாலதானே தட்டுவான்? கூப்பிட்டிருந்தா தெறந்திருப்பேன். கூப்பிடல. புள்ள வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு தடவ. அப்புறம் லாரி வந்துச்சு." கையை விட்டார். "வேற யாரோதான். பாவம், எந்தப் புள்ளையோ."

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஜுல்மிரா, பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பு. வர்ற பன்னெண்டாம் தேதி."

அக்கா என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். ஈரடுக்குப் பாத்திரத்தில் சோளக் கஞ்சி கொடுத்தார்.

"ஷூ எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

கஞ்சிப் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினேன்.

"விசாரிக்காதேன்னேன்ல."

"உனக்குத் தெரியுமாக்கா?"

"அது பொத்தினது என் வாயத்தானேடா." தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூண்டு உரிச்ச கை. 'அண்ணன்'னு சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தட்டுறத வச்சே தெரிஞ்சுது. இன்னும் அழுத்திப் பொத்திச்சு. பள்ளிக்கூடத்துல நான் பூண்டு உரிக்க மாட்டேன், பாத்திருக்கியா? வேற ஆளத்தான் உரிக்கச் சொல்லுவேன்."

"இருபத்தேழு வருஷமா இதப் பத்தி…"

"பேசினா? பேசி என்ன, கதவு தெறந்துக்குமா? பாத்திரத்த நாளைக்கே கொண்டாந்து குடு. போன தடவ கொண்டுபோனது இன்னும் வரல."

7

முடிவுகள்.

(அ) நவம்பர் பன்னிரண்டு. ஜனுவாரியோவின் பள்ளிக்கூடச் சட்டையைப் புதைத்தார்கள். சிலுவையில் தேதியை நான் எழுதினேன். பெரியப்பா பன்றியோடு வந்தார். இந்தத் தடவை பன்றி திரும்பிப் போகவில்லை. அத்தை கறுப்பைக் கழற்றிவிட்டு, கடையில் மடித்த மடிப்புக் கலையாத பூச்சட்டையில் வெளியே வந்தார். உறவுக்காரர்கள் ஆடினார்கள். அத்தை நம்பிவிட்டார். முற்றும்.

(ஆ) மேலே சொன்ன எல்லாம். கூடவே, வாசலுக்கு வெளியே அபிலியோ நிற்கிறார், உள்ளே வரவில்லை. அத்தையே தட்டில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார். "ஏம்ப்பா, வண்டில கண்ணாடிய எதுக்கு எப்பவும் திருப்பி வைக்கிறே?" என்கிறார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அத்தைக்கு எல்லாம் தெரியும், எப்போதும் தெரியும், மகளுக்காகக் கறுப்பைக் கழற்றினார். முற்றும்.

(ஆ) நல்ல முடிவு. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அபிலியோ வந்தார், சாப்பிட்டார், அத்தை தட்டு கொடுத்தார். அவ்வளவும் நடந்தது. கண்ணாடியைப் பற்றி அவர் கேட்டாரா என்பது எனக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

(இ) ஒருநாள் நான் பதின்மூன்றாம் தேதித் தாளை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம்

இல்லை.

(ஈ) இது முடிவு இல்லை, நடந்ததுதான். கறுப்பைக் கழற்றி ஒரு வாரம் கழித்து அத்தை தச்சரை வரவழைத்தார். வாசலை அளந்து, திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, புதிதாகக் கதவு போட்டார்கள். பச்சை வண்ணம், உள்பக்கம் தாழ்ப்பாள். "ராத்திரி நாய் வருது," என்றார் அத்தை. நாய் பத்தொன்பது வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது.

நம்பிவிட்டதால் கதவு போட்டார் என்று ஒருவர் சொல்லலாம். இனி யாரும் வரப்போவதில்லை என்று எப்போதோ தெரிந்ததால் போட்டார் என்று இன்னொருவர் சொல்லலாம். எழுதினவன் நான்தான், இருந்தாலும் எனக்கு இதில் ஓட்டு இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டீர்கள். அபிலியோவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் தெரிந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். அத்தைக்குப் படிக்க வராது. இந்தத் தாள்கள் அவர் கைக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது, வாயால் சொன்னால்தான் ஆபத்து. என்றாவது பெக்கோரா பக்கம் வந்தால் வீடு கண்டுபிடிப்பது சுலபம், பச்சைக் கதவு. உட்காரச் சொல்வார், உப்பில்லாத கஞ்சி கொடுப்பார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். மகனைப் பற்றி அவரே எடுப்பார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். எந்தத் தேதி என்று கேட்டால் பன்னிரண்டு என்று சொல்லுங்கள். எத்தனை மணி என்று கேட்டால் காலை எட்டு.

சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு, நான் அங்கே இருக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கதவு சாத்தியிருந்தால் கையால் தட்டாதீர்கள். வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.